தண்ணித்தொட்டிக்கு எதிரே, பச்சை கேட்

குரைத்த நாய் அவளைப் பார்க்கவே இல்லை.

அதுதான் முதலில் உறுத்தியது. வாய்க்கால் பாலத்தின் இந்த முனையில் மூன்று நாய்கள். கறுப்பு ஒன்று, செம்பட்டை ஒன்று, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும் நொண்டி ஒன்று. பல்லெல்லாம் தெரிய, கழுத்து மயிர் சிலிர்த்து நிற்க, விடிந்தும் விடியாத அந்தத் தெருவையே தட்டி எழுப்புகிற குரைப்பு. ஓட்டத்தை முடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பயம் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் கவனித்தாள். மூன்றின் பார்வையும் அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால், அவள் கடந்து வந்த பாலத்தின்மீது நிலைகுத்தி இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பாலம் காலி.

'மூணுக்கும் மாறுகண் போலிருக்கு' என்று மனசுக்குள் ஜோக்கடித்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. நொண்டி மட்டும் முன்னால் வந்து அவள் முழங்காலை, விரல் நுனிகளை, ஷூவை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. எல்லையில் பெட்டியைத் திறந்து சோதிக்கிற அதிகாரி மாதிரி நிதானமாக. பிறகு நகர்ந்து வழிவிட்டது. அவள் சுவரோரமாக நழுவி, தெரு திரும்பும்வரை நடந்து, திரும்பிய பிறகு ஓடினாள். வாழ்க்கையில் அவள் உண்மையிலேயே வேகமாக ஓடியது அன்றைக்குத்தான் என்று சொல்ல வேண்டும்.

தீயணைப்பு நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிளி. அவ்வளவுதான். கண்ட்ரோல் ரூமில் போன் எடுப்பது அவள் வேலை. தீ, தீ என்று எதிர்முனையில் யார் கதறினாலும், அவர்கள் சொல்கிற விலாசத்தை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதே விலாசத்தை வயர்லெஸ்ஸில் வண்டிக்குச் சொல்ல வேண்டும். டிரைவர் திருப்பிச் சொல்வார். அவர் ஏதாவது விட்டுவிட்டால் விட்ட துண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் பொருந்திய பிறகு அவள் "சரி" என்பாள். அவள் சரி சொன்னால்தான் வண்டி கிளம்பும். நாள் முழுக்க இதே வேலை என்பதால் வீட்டிலும் அந்தப் பழக்கம் விடாது. கணவன் "உப்பு எடு" என்றால் "உப்பு, சரி" என்பாள்.

தற்காலிக வேலை. நிரந்தரமாக்க வேண்டுமானால் உடல்தகுதித் தேர்வில் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுப்பவள் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டதற்கு, மேலிடத்திலிருந்து வந்த பதில், "ரூல்." தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

"நாய் வந்தா ஓடாத கிளி," என்றார் டிரைவர் அண்ணன். "அப்படியே மரம் மாதிரி நில்லு. கண்ணைப் பாக்காத. கைய ஆட்டாத. வீட்டுக்குப் போன்னு ஒரு அதட்டு போடு."

"அதுங்களுக்கு வீடே அந்தப் பாலம்தாண்ணா."

"அப்ப நீ வீட்டுக்குப் போ."

வண்டியில் ஏணி ஏறுகிற ஏணிக்காரன் சிரிப்பில் டீயைத் துப்பிவிட்டான். சிரிப்பு அடங்கிய பிறகு, "பாலத்தைத் தாண்டி எங்கம்மா ஓடற?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார்.

"நீளமா ஒரு மதில் இருக்குல்ல, மூடிக் கிடக்கற குடோன். அந்த ரோடுதான் பள்ளம் மேடு இல்லாம நேரா இருக்கு. எங்க தெருவுல எங்க ஓடறது? மணல் குவியல், உடைஞ்ச சாக்கடை மூடி, ரிவர்ஸ்ல வர்ற பால் வண்டி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எரிஞ்ச குடோன். நீ வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. நான்தான் வண்டி ஓட்டினேன். உள்ள மாட்டிக்கிட்ட வாட்ச்மேன் போன் பண்ணியிருக்கான். இங்க இருந்த ஆளு பாதி விலாசத்தைக் கேட்டுட்டு, புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு போனை வெச்சுட்டார். நாங்க வேற குடோன் வாசல்ல போய் நின்னோம். சுத்திக்கிட்டுப் போய்ச் சேந்தப்ப..." அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் வந்ததுதான் இந்தத் திருப்பிச் சொல்ற ரூல். உனக்குக் கிளின்னு பேரு வந்ததே அந்த வாட்ச்மேன் புண்ணியத்துல."

போன் அடித்தது. எடுத்தாள்.

அவள் கணவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ஷிப்ட் விழுகிற வாரங்களில் அவன் வீடு திரும்ப வெயில் ஏறிவிடும். அதற்குள் அவள் ஓடிவிட்டு வந்து, குட்டியைப் பள்ளிக்குக் கிளப்பி, தானும் கிளம்ப வேண்டும். குட்டிக்கு எட்டு வயசு. தூங்குகிற பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிற ஜாதியில்லை அவள். பூட்டிய வீட்டுக்குள் தீப்பிடித்த கதைகளை வாரம் ஒன்றாவது காதால் கேட்கிறவள். அதனால் குட்டியே எழுந்து வந்து உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும். கதவில் இரண்டு தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள் குட்டிக்கு. மேல் தாழ்ப்பாள் நாற்காலி போட்டு ஏறினாலும் அதற்கு எட்டாது, பெரியவர்களுக்கு மட்டும்.

திறப்பதற்கும் ஒரு ரூல் வைத்திருந்தாள். யாராவது கதவைத் தட்டினால் குட்டி உள்ளேயிருந்து வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லும். வெளியே நிற்கிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரானாலும் சரி, பார்சல் கொண்டுவருகிறவனானாலும் சரி, இந்த விளையாட்டு தெரியாது. "என்ன பாப்பா உளர்ற?" என்பார்கள். அப்படிச் சொன்னால் கதவு திறக்காது. திருப்பிச் சொன்னால் அது அம்மாதான்.

"கண்ட்ரோல் ரூமை வீட்டுக்கே கொண்டு வந்துட்ட," என்று கணவன் கேலி செய்தான். அவனுக்கும் அதே ரூல்தான். ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன் வாசலில் நின்று "சுண்டெலி மாமாவுக்குச் சொட்டைத் தலை" என்று மூன்று தரம் சொன்ன பிறகே உள்ளே வர முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் அன்றிலிருந்து அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மதில் ஓரத்து ரோடு ஓடுகிறவர்களுக்கென்றே போட்டது போல இருந்தது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்தது வரை ஓட்டம், அதற்கடுத்தது வரை நடை. தொண்டையில் ரத்த ருசி, விலாவில் ஊசி குத்துகிற வலி, காதுக்குள் தன் இதயமே மத்தளம் அடிக்கிற சத்தம். கம்பங்களில் பாதி எரியவில்லை. மதில் உயரம். அதன்மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகள் எரிகிற விளக்கடியில் மட்டும் மினுங்கி, பிறகு அணைந்துபோயின. ஒரு வாசனை வந்தது. மற்றவர்களுக்குப் பழைய ஈரம் என்று தோன்றியிருக்கும். அவளுக்குத் தெரியும். தண்ணீர் பீய்ச்சி அணைத்த நெருப்பின் வாசனை அது. ஈரக் கரி. வண்டி திரும்பி வரும்போது ஆட்களின் பூட்ஸோடு நிலையத்துக்குள் வருகிற அதே வாசனை. எத்தனையோ வருஷம் முன்னால் எரிந்த குடோனில், மழையே பெய்யாத காலத்தில்.

மதில் எதிரொலித்தது. அவள் வலது ஷூவில் ஒரு கீச்சு உண்டு. தப், கீச். தப், கீச். மதில் அதைத் திருப்பிக் கொடுத்தது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மந்தமாக. ஆரம்பத்தில் அது துணை மாதிரிகூட இருந்தது. தனியாக ஓடுவதற்கு இரண்டு பேராக ஓடுவது மேல் இல்லையா?

ஒருநாள் அவள் நின்றாள். எதிரொலி இரண்டு அடி கூட வைத்துவிட்டு நின்றது.

'அதுக்கும் பிரேக் புடிக்க நேரம் வேணுமே' என்றாள் தனக்குள்.

பாலத்துக்கு வரும்போது குட்டிக்குப் போன் செய்வாள். அப்போதுதான் அது எழுந்து, கண்ணைத் தேய்த்துக்கொண்டு கதவருகே வந்து நிற்கச் சரியாக இருக்கும். "குட்டி, அம்மா வந்துட்டேன், எழுந்திரு." தினமும் அதே வார்த்தை, அதே இடம். போனைப் பையில் வைக்கும்போது மதில் பக்கத்திலிருந்து வார்த்தைகளின் வால் மட்டும் காற்றில் வரும். எழுந்திரு. மறுநாள், வந்துட்டேன் எழுந்திரு. பிறகு ஒருநாள் முழுதாக. அம்மா என்கிற சொல்லைக் கொஞ்சம் சிரமப்பட்டு, புதிதாகப் பேசக் கற்கிற வாய் உருட்டுகிற மாதிரி.

எதிரொலி நாளுக்கு நாள் தேறுமா என்று யாரிடம் கேட்பது? தானும்தான் தேறிக்கொண்டிருந்தாள். முன்பு ஒரு கம்பத்துக்கே நாக்குத் தள்ளும். இப்போது நான்கைந்து கம்பம் தொடர்ச்சியாக ஓட முடிந்தது. பின்னால் வருகிற தப், கீச்சும் இப்போது பின்தங்குவதில்லை. சீராக வந்தது. மதில் முடிந்து வெட்டவெளி தொடங்கிய பிறகும் வந்தது.

நாய்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. போகும்போது பாலத்தின் குறுக்கே நின்று மறித்தன. திரும்பும்போது வெறி பிடித்தாற்போல் குரைத்தன. நொண்டி அவளை முகர்ந்து பார்த்து வழிவிடுகிற சடங்கு நாளுக்கு நாள் நீண்டது. ஒரே இடத்தை இரண்டு தரம் முகர்ந்தது. அவளா இல்லையா என்று அதற்கே சந்தேகம் வந்த மாதிரி. ஒருநாள் அவள் பாலத்தில் கால் வைத்ததும் செம்பட்டை பாய்ந்து வந்து டிராக் பேண்ட்டின் நுனியைக் கவ்விப் பின்னால் இழுத்தது. பல் கெண்டைக்காலில் கீறிவிட்டது.

கணவன் சோப்புத் தண்ணீர் விட்டுக் கீறலைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

"ஊசி போடணும். இன்னைக்கே. தள்ளிப் போடக் கூடாது."

"ஊசி போடணும், சரி."

"நக்கலா?"

"பழக்கம்ங்க."

"அந்தக் கழுதைங்களைப் பத்திப் புகார் குடு. வண்டி வந்து புடிச்சிட்டுப் போகட்டும். டெஸ்டு முடியற வரைக்குமாவது நிம்மதியா ஓடு." துடைத்துவிட்டு அவள் காலைத் தட்டினான். "ஏய், இவ்ளோ இறுகியிருக்கு கால். பாஸ் பண்ணிடுவடி நீ."

அந்தப் பாராட்டில் அவள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனாள்.

புகார் கொடுத்தது இரண்டு நாள் கழித்து, விடிகாலையில், பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. காரணம், நாய்கள் அவளைத் திரும்பி வர விடவில்லை. மூன்றும் பாலத்தின் முனையில் வரிசையாக நின்றன. இந்தத் தடவை குரைக்கவில்லை. உறுமல் மட்டும். மண்ணுக்கடியில் மோட்டார் ஓடுகிற மாதிரி. நேரமாகிறது, குட்டி காத்திருக்கும் என்கிற எரிச்சலில், நாய் பிடிக்கிற வண்டிக்காரனின் எண்ணுக்கு அடித்தாள். மதிலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு பேசினாள்.

"எந்த இடம்?" தூக்கக் குரல்.

"வாய்க்கால் பாலம்."

"புகார் குடுக்கறவங்க விலாசம்?"

"ஏழாவது தெரு, தண்ணித்தொட்டிக்கு எதிரே, பச்சை கேட்."

"ம்."

ம் என்றால் என்ன அர்த்தம்? விலாசத்தைத் திருப்பிச் சொல்லாமல் 'ம்' என்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "திருப்பிச் சொல்லுங்க சார்," என்றாள்.

ஒரு கணம் சத்தமில்லை. கண் முழுக்க நாய்களின்மேல். போன் காதோடு ஒட்டி இருந்தது.

"ஏழாவது தெரு."

"ம்ம்," என்றாள்.

"தண்ணித்தொட்டிக்கு எதிரே."

அங்கே நின்றுவிட்டது. காத்திருந்தது. டிரைவர் அண்ணன் ஒரு துண்டை விட்டுவிட்டு, அவள் எடுத்துக் கொடுக்கட்டும் என்று நிறுத்துவாரே, அந்த மாதிரி. யோசிக்கவே இல்லை அவள். வாய் தானாகச் சொன்னது.

"பச்சை கேட்."

"பச்சை கேட்."

"சரி," என்றாள்.

நாய்கள் மூன்றும் ஒரே சமயத்தில் ஊளையிட்டன.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரை இருட்டாக இருந்தது. தட்டிப் பார்த்தாள். அவன் 'ம்' சொன்ன கையோடு வைத்துவிட்டிருந்தான். அப்படியானால்...

பேசியது ஆண் குரல் இல்லை. இப்போதுதான் உறைத்தது. பெண் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு பேசிய பெண் குரல்.

பின்னால் திரும்பவில்லை அவள். கழுத்து திரும்ப மறுத்தது. ஈரக் கரி வாசனை இப்போது காற்றில் வரவில்லை. பக்கத்தில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு நாய்களை நோக்கி நடந்தாள். கடித்தால் கடிக்கட்டும். நொண்டி அவளை அவசரமாக ஒரு தரம் முகர்ந்தது. மூன்றும் விலகி அவளை உள்ளே விட்டு, அவளுக்குப் பின்னால் உடனே மறுபடி நெருங்கி நின்றுகொண்டன. தோளோடு தோள். பாலத்தைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். பகல் வெளிச்சத்தில், குளித்துவிட்டு யோசித்தபோது எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மதில் எதிரொலிக்கும். போனில் தாமதம் வரும். நாய்க்கடி ஊசி போட்ட உடம்பில் லேசாகச் சுரம் இருக்கும்.

வண்டி அன்றைக்கே சாயங்காலம் வந்தது. வேலை முடிந்து திரும்புகையில் பார்த்தாள். கம்பு முனையில் கம்பி வளையம். கறுப்பையும் செம்பட்டையையும் இழுத்துக் கூண்டில் ஏற்றினார்கள். கழுத்து நெரிபடுகிற அந்த நிலையிலும் அவை ஆட்களைப் பார்க்கவில்லை. பாலத்தையே பார்த்தன.

"நொண்டி ஒண்ணு குழாய்க்குள்ள பூந்துடுச்சு," என்றான் வண்டிக்காரன். "போகட்டும் விடுங்க. இதுங்களையும் கொன்னுட மாட்டோம்மா, பயப்படாதீங்க. ஊசி போட்டு, ஆபரேஷன் பண்ணி, ஒரு வாரத்துல இங்கயே கொண்டாந்து விட்டுடுவோம்."

ஒரு வாரம். தேர்வு முடிந்துவிடும். நல்லதுதானே? நல்லதுதான்.

மறுநாள் விடிகாலை கணவன் இரவு ஷிப்டில் இருந்தான். குட்டி தூக்கக் கலக்கத்தோடு வந்து கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது. "சீக்கிரம் வாம்மா."

"சீக்கிரம் வரேன், சரி."

போகலாமா வேண்டாமா என்று கேட் அருகில் ஒரு கணம் நின்றாள். தேர்வு நெருங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை, நிற்காமல் முழுத் தூரமும் ஓடிப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று தன்னோடு பேரம் பேசி முடித்தாள். மணல் குவியலைச் சுற்றினாள். உடைந்த சாக்கடை மூடியைத் தாண்டினாள். பாலத்தில் யாரும் இல்லை. நாய் இல்லாத பாலம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

ஓடினாள். முதல் கம்பம். இரண்டாவது. விலாவில் வலி வரவில்லை. மூச்சு தன் தாளத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. கால்கள் அவளைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. மதிலின் கோடிவரை போய், தொட்டு, திரும்பி, நிற்காமல், ஒரு இடத்தில்கூட நிற்காமல், பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓடிவிட்டாள். முழுத் தூரமும். இடுப்பில் கை வைத்துக் குனிந்து சிரித்தாள்.

பிறகுதான் காதில் விழுந்தது. விழவில்லை என்பதுதான் விழுந்தது.

இன்றைக்கு ஒரு ஷூச் சத்தம்தான். அவளுடையது மட்டும். போகும்போதும் வரும்போதும்.

நிமிர்ந்தாள். மதிலைப் பார்த்து, மெதுவாக, "சரி" என்று சொன்னாள்.

மதில் பேசாமல் இருந்தது.

"சரி!" கத்தினாள்.

ஒன்றும் இல்லை. வெறும் செங்கல் சுவர். எதிரொலி அங்கே இல்லை.

இல்லை என்றால் எங்கே?

காற்றை முகர்ந்தாள். மதில் பக்கம் வாசனையே இல்லை. தூசியும் புல்லும்தான். ஈரக் கரி வாசனை வந்தது இன்னொரு திசையிலிருந்து. பாலத்தின் தெருப் பக்கத்திலிருந்து. நாய்கள் நின்ற இடத்தில் தரையில் ஈரம். கறுப்பு ஈரம். கால் அளவில் ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஓடுகிறவர்கள் வைக்கிற இடைவெளியில். தெருவை நோக்கி.

விலாசம் சொல்லி, சரியும் சொல்லி அவளேதான் அதை அனுப்பியிருக்கிறாள்.

ஓடினாள்.

இது தாளம் பார்த்து ஓடுகிற ஓட்டம் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு, கையை வீசிக்கொண்டு. போனை எடுத்துக் குட்டிக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? போன் அடித்தால் குட்டி என்ன நினைக்கும்? அம்மா வந்துவிட்டாள் என்று நினைக்கும். எடுக்காமல் நேரே கதவுக்குப் போகும். ஐயோ. துண்டித்தாள். சாக்கடை மூடியில் கால் இடறியது. விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. எழுந்தாள். பால் வண்டி ரிவர்ஸில் வந்து தெருவை அடைத்தது. டிரைவர் ஏதோ திட்டினான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைந்தாள். தோல் உரிந்தது. மணல் குவியல். சுற்ற நேரமில்லை. ஏறினாள். கணுக்கால் வரை புதைந்தது. மணலின் உச்சியில் ஏற்கனவே ஒரு தடம். கறுப்பாக. ஈரமாக.

தண்ணித்தொட்டி.

பச்சை கேட் திறந்திருந்தது.

வீட்டுக் கதவு மூடியிருந்தது. கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில், வாசல் விளக்கு எட்டாத இருட்டில், யாரோ நின்றிருந்த மாதிரி இருந்தது. அவள் உயரம். குனிந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

உள்ளேயிருந்து குட்டியின் குரல். "யாரு?"

"குட்டி, அம்மா வந்துட்டேன்."

அவள் குரல். அவள் வாய் திறக்கவே இல்லை.

கத்தப் போனாள். காற்றுதான் வந்தது. நுரையீரல் காலி. ஓடி வந்த நெஞ்சு ஒரு சொல்லுக்குக்கூட மூச்சு தரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு, மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"சரி, சொல்லு பாப்போம்," என்று குட்டி சிரித்தது. "பூனைக்குட்டி பல் தேய்க்குது."

"பூனைக்குட்டி பல் தேய்க்குது."

வார்த்தை பிசகவில்லை.

கீழ்த் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். கதவு திறந்தது. வெளிச்சம் ஒரு கீற்றாக விழுந்தது. இருட்டில் நின்றது அந்தக் கீற்றைத் தாண்டி உள்ளே போனது. தப். கீச். கதவு மூடியது, தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

"குட்டி!" இப்போது வந்தது குரல். பாய்ந்து போய்க் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். "குட்டி! கதவைத் திற! அம்மாடி! அம்மா இங்க இருக்கேன்!"

உள்ளே சின்னக் காலடிகள். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. குட்டியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"அம்மா உள்ள இருக்காங்களே. நீங்க யாரு?"

"நான்தான்டா அம்மா. கேளு. ஏதாவது கேளு. நான் திருப்பிச் சொல்றேன்."

குட்டி யோசித்தது. ரூல் என்றால் ரூல்தான்.

"நிலாவுக்குக் காது வலிக்குது."

"நிலாவுக்குக் காது வலிக்குது," என்றாள்.

"நிலாவுக்குக் காது வலிக்குது," என்றது உள்ளே, குட்டியின் தலைக்கு மேலிருந்து, அதே சமயத்தில், அதே குரல்.

கதவுக்குப் பின்னால் சின்னக் காலடிகள் ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமும் திரும்பின.

"அம்மா..." குட்டி விசும்பியது. "ரெண்டு பேரும் சரியாச் சொல்றீங்களே."

"குட்டி, நான் சொல்றதைக் கேளு. அந்தக் கீழ்த் தாழ்ப்பாளைத் தூக்கு. தூக்கிட்டு வெளிய ஓடி வந்துடு. ஓடு!"

தாழ்ப்பாள் லேசாக அசைந்தது. சின்ன விரல்கள். அவள் கதவோடு காதை ஒட்டிக்கொண்டாள். மரம் குளிர்ந்திருந்தது. பின்னால் கேட்டுக்கு வெளியே பரிச்சயமான இழுப்பு நடை. நொண்டி. மூச்சிரைக்க வந்து, அவள் முழங்காலை, விரலை, ஷூவை முகர்ந்தது. ஒரே ஒரு தரம். பிறகு அவள் பக்கத்தில், அவள் காலோடு உடம்பை ஒட்டி நின்று, கழுத்து மயிர் சிலிர்க்க, வீட்டுக் கதவைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது.

கதவுக்கடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து அவள் ஷூவைத் தொட்டது.

கீழே, தாழ்ப்பாள் விலகியது. குட்டி எடுத்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை, உள்ளேயிருந்து ஏதோ அதை அழுத்திப் பிடித்திருந்தது.

மேலே, அவள் தலைக்கும் மேலே, குட்டிக்கு எட்டாத உயரத்தில், மேல் தாழ்ப்பாள் மெதுவாக, ஒவ்வொரு அங்குலமாக நகர்ந்து, குழிக்குள் போய் விழுகிற சத்தம் கேட்டது.

"ஓடு," என்றது உள்ளே அவள் குரல். "சரி."